ரப்பர் செத்துப்போச்சா? சொட்டும் நேரத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் வழி

மூன்று வாரத்துக்கு முன் தண்ணீர் லைன் ஃபிளேஞ்ச் (இரண்டு குழாய்களைப் போல்ட் போட்டுச் சேர்க்கும் விளிம்பு) ஒன்றில் 5 மி.மீ. ரப்பர் ஷீட் வெட்டிப் போட்டு, நாலு போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) வைத்து முறுக்கினோம். முறுக்கி முடித்ததும் என் பழக்கப்படி ஒவ்வொரு நட்டின் தலையிலிருந்து ஃபிளேஞ்ச் வரை மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிட்டேன். நேற்று அதே இடத்தில் சொட்டு. கூட இருந்த ஃபிட்டர் தம்பி ஸ்பானரை எடுத்துவிட்டான்.

"அண்ணே, அன்னிக்கு சரியா டைட் பண்ணலை போல."

"இரு, சுத்தாதே. முதல்ல கோட்டைப் பாரு."

நாலு கோடும் உடையாமல் நேராக இருந்தன. நட்டு எதுவும் ஒரு இம்மிகூடத் திரும்பவில்லை. ஆனால் ஸ்பானரே இல்லாமல், இரண்டு விரலால் பிடித்துத் திருப்பினால் நட்டு சுற்றுகிறது.

கோடு விலகியிருந்தால் அதிர்வில் நட்டு கழன்றிருக்கிறது என்று அர்த்தம். அதற்கு லாக் நட்டு, மரையில் தடவும் லாக்டைட் பசை என்று வேறு வைத்தியம் இருக்கிறது. கோடு நேராக இருந்தும் நட்டு லூஸ் என்றால், திரும்பியது நட்டு இல்லை; நடுவில் இருந்த ரப்பர்தான் எதிர்த்துத் தள்ளுவதை நிறுத்திக்கொண்டது. பட்டறையில் இதை "ரப்பர் செத்துப்போச்சு" என்போம். பாடப்புத்தகத்தில் தகைவுத் தளர்வு. பெயர் எதுவானாலும் சரி, எல்லாக் கசிவுக்கும் "இன்னும் ஒரு சுத்து டைட் பண்ணு" என்பது பதில் இல்லை. கசிவு எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது

இரண்டு முகங்களுக்கு நடுவே வைக்கும் தட்டையான கேஸ்கட்டோ, க்ரூ என்கிற பள்ளத்தில் உட்காரும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கோ, அது அடைப்பான் இல்லை; ஒரு ஸ்பிரிங். அதை நாம் அமுக்குகிறோம், அது திரும்பத் தள்ளுகிறது. அந்தத் தள்ளும் விசை உள்ளே இருக்கும் திரவத்தின் அழுத்தத்தைவிடக் கூடுதலாக இருக்கும்வரை கசிவு இல்லை. அமுக்கிய தடிமன் மாறாமல் அப்படியே இருக்கும். விசை மட்டும் நாளாக ஆகக் குறையும். ஆகவே வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

விசை குறைவதற்கு இரண்டு வழி. ஒன்று, ரப்பரின் நீளமான மூலக்கூறு இழைகள், சிக்கலாகக் கிடக்கும் நூல்கண்டு மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக வழுக்கி வசதியான இடம் பார்த்து உட்கார்ந்துகொள்வது. இது முறுக்கிய நிமிடமே ஆரம்பித்துவிடும். இதில் வேடிக்கையான ஒரு கணக்கு உண்டு: ஒவ்வொரு பத்து மடங்கு நேரத்துக்கும் ஏறக்குறைய ஒரே அளவு விசைதான் குறையும். ஒரு ரப்பர்க் கலவை பத்து மடங்குக்கு 4 சதவீதம் இழக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் நிமிடத்திலிருந்து பத்தாவது நிமிடம் வரை 4. பத்திலிருந்து நூறாவது நிமிடம் வரை இன்னொரு 4. ஆயிரம் நிமிடம், அதாவது சுமார் 17 மணி நேரம் ஆனால் மொத்தம் 12. ஒரு வருடத்தில் 5,25,600 நிமிடம். அதுவரை போனால் மொத்தம் சுமார் 23 சதவீதம்தான். வருடம் முழுக்க இழப்பதில் பாதிக்கு மேல் முதல் நாளிலேயே போய்விடுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே பயன்படும்.

இரண்டாவது வழி வேதியியல். ஆக்சிஜனும் சூடும் சேர்ந்து இழைகளை அறுக்கின்றன. அறுந்த இழை தள்ளாது. அதே சமயம் அமுங்கிய நிலையிலேயே புதிய பிணைப்புகளும் உண்டாகின்றன. அந்தப் புதுப் பிணைப்புகளுக்கு அமுங்கிய வடிவம்தான் சொந்த வடிவம், எனவே அவையும் தள்ளாது. கழற்றிய பிறகும் ரப்பரை அதே சப்பை வடிவில் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்த வழி ஆரம்பத்தில் மெதுவாகத் தெரியும், மாதக்கணக்கில் விடாமல் தின்னும். 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது கைக்கணக்கு. 80 டிகிரியில் ஓட வேண்டியதை 100 டிகிரியில் ஓட்டினால் நாலில் ஒரு பங்கு ஆயுள்.

சுருக்கமாக, சீக்கிரமே வரும் கசிவுக்கு முதல் வழி காரணம். வருடம் கழித்து வரும் கசிவுக்கு இரண்டாவது. இனி அறிகுறிகளுக்கு வருவோம்.

"மாட்டி ஒரு நாள் ஆகலை, அதுக்குள்ள சொட்டுது"

முதலில் மார்க்கர் கோடு. கோடு போடவில்லையா? சரி, இந்த முறையாவது போடுங்கள்.

கோடு நேராக இருந்து நட்டு லூஸ் என்றால் இது மேலே சொன்ன முதல் நாள் இழப்பு. பயப்பட வேண்டியதில்லை. மாட்டியதிலிருந்து நாலு மணி நேரம் கழித்து, ஒரு நாளுக்குள், லைன் குளிர்ந்த நிலையில், அழுத்தமில்லாமல் ஒரு தடவை அதே டார்க்குக்கு மறுபடி முறுக்கினால் போதும். எதிரெதிர் போல்ட்டாக, குறுக்கும் நெடுக்குமாக முறுக்குங்கள். இந்த ஒரு தடவைக்குப் பிறகு இழப்பு மிக மெதுவாகிவிடும். அதனால்தான் மாட்டின கையோடு பத்து தடவை முறுக்குவதைவிட மறுநாள் காலை ஒரு தடவை முறுக்குவது மேல்.

ஒரு எச்சரிக்கை. ஒரு தடவை நன்றாகச் சூடாகி ஓடிவிட்ட லைனில் மறுபடி முறுக்காதீர்கள். முக்கியமாக ரப்பர் கலந்த ஃபைபர் ஷீட் கேஸ்கட்டில். சூட்டில் அது விறைத்துப்போயிருக்கும். முறுக்கினால் விரிசல் விடும். சொட்டு நின்ற மாதிரி இருக்கும், இரண்டு நாளில் பீய்ச்சும். அங்கே கேஸ்கட்டை மாற்றுவதுதான் வழி.

மறுபடி முறுக்கியும் ஒவ்வொரு வாரமும் லூஸ் ஆகிறதா? கேஸ்கட் தடிமனைப் பாருங்கள். தடித்த ரப்பர் போட்டால் நன்றாக அடைக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். நேர்மாறு. ரப்பர் உண்மையில் கன அளவில் அமுங்குவதில்லை. மேலிருந்து அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்குகிறது, அவ்வளவுதான். தடிமன் கூடக்கூடப் பிதுங்க இடம் கூடும், விசை வேகமாகப் போகும். ஃபிளேஞ்ச் முகம் சமமாக இருந்தால் எவ்வளவு மெல்லியதாகப் போட முடியுமோ அவ்வளவு மெல்லியதாகப் போடுங்கள். 5 மி.மீ. போட்ட இடத்தில் துணி வைத்த 2 மி.மீ. நன்றாக நிற்கும். அப்புறம், ஷீட் கேஸ்கட்டின் முகத்தில் கிரீஸ் தடவும் பழக்கம். ஓ-ரிங்குக்குத் தடவலாம், தடவ வேண்டும். ஷீட்டுக்குத் தடவினால் அது சோப்புக்கட்டி மாதிரி வழுக்கி வெளியே வந்துவிடும்.

"காலையில சொட்டும், மெஷின் சூடானதும் நின்னுடும்"

இதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு ஹைட்ராலிக் பிரஸ் இருந்தது. சனிக்கிழமை இரவு நிறுத்துவார்கள். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால் எண்ணெய் வழிகள் எல்லாம் வந்து சேரும் மேனிஃபோல்டுக்குக் கீழே கையகலத்துக்கு எண்ணெய். துடைத்துவிட்டு ஓட்டினால் பத்து மணிக்குச் சொட்டு நின்றுவிடும். வாரம் முழுக்க ஒன்றும் இருக்காது. மறு திங்கள் மறுபடி. "அது அப்படித்தான் சார், திங்கட்கிழமை வியாதி" என்று ஆபரேட்டர் மரத்தூள் போட்டு வைத்திருப்பார். எட்டு மாதம் அந்த மரத்தூள்தான் மருந்து.

நடப்பது இது. ஓடும்போது எண்ணெய் 65 டிகிரி. ஞாயிறு முழுக்கக் குளிர்ந்து திங்கள் காலை 22. ரப்பர், எஃகைவிடப் பத்து மடங்குக்கு மேல் சுருங்கும். 3.5 மி.மீ. பருமனுள்ள ஓ-ரிங், 43 டிகிரி குறைந்தால் 0.02 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே சுருங்கும். தலைமுடிப் பருமனில் பாதிகூட வராது. அதோடு, ரப்பரின் தள்ளும் விசையே சூட்டில் கூடும், குளிரில் குறையும். உலோக ஸ்பிரிங்குக்கு இந்தக் குணம் கிடையாது. இந்த 43 டிகிரிக்கு ஏறக்குறைய 13 சதவீதம் விசை போகும்.

புது ஓ-ரிங்குக்கு இதெல்லாம் தூசு. 0.7 மி.மீ. அமுங்கியிருக்கும் ரப்பருக்கு 0.02 போனால் என்ன? ஆனால் இரண்டு வருடம் சூட்டில் கிடந்து, மீண்டெழும் தெம்பெல்லாம் போய், கடைசி 0.01, 0.02 மி.மீ. அமுக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓ-ரிங்குக்கு அதுதான் கடைசி மூச்சு. சூடானதும் விரிந்து மறுபடி அடைக்கிறது, அதனால் நாம் ஏமாறுகிறோம். காலையில் சொட்டி மதியம் நிற்கும் கசிவு தானாகச் சரியான கசிவு இல்லை. அடுத்த மழைக்காலத்திலோ மார்கழியிலோ மதியமும் சொட்டும்.

நாங்கள் கடைசியில் அந்த மேனிஃபோல்டைக் கழற்றியபோது ஓ-ரிங் க்ரூவைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கவே இல்லை. முகத்தோடு சமமாக, க்ரூவில் வார்த்து ஊற்றிய மாதிரி உட்கார்ந்திருந்தது. முள்ளை விட்டு நெம்பித்தான் எடுத்தோம்.

உண்மையான குளிர் வேறு கதை. குளிர்பதனக் கிடங்கு, ஊட்டி அதிகாலை, அமோனியா லைன் போன்ற இடங்களில் ரப்பர் சாகாமலேயே சோம்பேறியாகிவிடும். அமுக்கிய விரலை எடுத்தால் உடனே எழும்பாமல் மெதுவாக எழும்பும். 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 விநாடியில் சிதறி ஏழு பேர் இறந்ததற்கு இதுதான் காரணமாகக் கண்டறியப்பட்டது. பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த வைட்டான் (சூடு தாங்கும் ரப்பர் வகை) ஓ-ரிங்குகள், கடும் குளிருக்குப் பிறகான அந்தக் காலையில், உள் அழுத்தத்தால் இணைப்பு இம்மியளவு விரிந்தபோது பின்னாலேயே எழும்பிப் போய் இடைவெளியை மூடவில்லை. விசாரணைக் குழுவில் இருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மேன் அந்த ரப்பரின் ஒரு துண்டைச் சின்ன கிளாம்பில் அமுக்கி, மேசையில் இருந்த ஐஸ் தண்ணீரில் போட்டு, எடுத்துக் கிளாம்பைக் கழற்றிக் காட்டினார். சில விநாடிக்கு அது எழும்பவேயில்லை. நீங்களும் செய்து பார்க்கலாம்: ஒரு வைட்டான், ஒரு நைட்ரைல் (எண்ணெய்க்குப் போடும் சாதாரண ரப்பர்), ஒரு சிலிக்கான் ஓ-ரிங்கைத் தனித்தனி கிளிப்பில் அமுக்கி ஃப்ரீசரில் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் கிளிப்பை எடுத்ததும் எது எவ்வளவு நேரத்தில் எழும்புகிறது என்று பாருங்கள். விலை அதிகமான வைட்டான்தான் எல்லா இடத்துக்கும் நல்லது என்ற நம்பிக்கை அன்றோடு போய்விடும்.

குளிரில் விறைத்த ரப்பர் சூடானதும் முழுசாக மீளும். செத்த ரப்பர் மீளாது. இரண்டையும் பிரித்துப் பார்க்கும் சோதனை கீழே இருக்கிறது.

காரின் ரேடியேட்டர் ஹோஸும் இதே வியாதிதான். ராத்திரி நிறுத்திய வண்டிக்கு அடியில் காலையில் கூலன்ட் சொட்டு, ஓட்டினால் இல்லை. ஸ்குரூ வைத்த ஹோஸ் கிளிப்பை முறுக்கினால் ஒரு மாதம் நிற்கும், மறுபடி ஆரம்பிக்கும். ஏனென்றால் அந்தக் கிளிப் முறுக்கிய விட்டத்திலேயே நின்றுவிடுகிறது. உள்ளே ரப்பர் தளர்ந்து பின்வாங்கினால் அதைத் துரத்திப் போகாது. கம்பெனியிலிருந்து வரும்போது போட்டிருந்த ஸ்பிரிங் கிளாம்பைப் பழசு என்று தூக்கிப் போட்டுவிட்டு ஸ்குரூ கிளிப் போடுகிறார்கள் பாருங்கள், அது தப்பு. ஸ்பிரிங் கிளாம்ப் ரப்பரின் பின்னாலேயே போகும். ஃபிளேஞ்சிலும் இதே யுக்தி செல்லும்: போல்ட் தலைக்கடியில் கிண்ணம் போலக் குழிந்த டிஸ்க் ஸ்பிரிங் வாஷர்கள். ரப்பர் இழக்கும் விசையை எஃகு ஸ்பிரிங் ஈடுகட்டும்.

"பிரஷர்ல ஓடும்போது சரி, நிறுத்தினா ஒழுகுது"

முந்தியதின் அண்ணன் தம்பிதான். ஓ-ரிங்குக்கு ஒரு வசதி: உள்ளே அழுத்தம் ஏறினால் அது தானே க்ரூவின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு அடைக்கும். அழுத்தம் இல்லாதபோது அதன் சொந்தத் தெம்பு மட்டும்தான் துணை. அந்தத் தெம்பு போயிருந்தால் நிறுத்தியதும் ஒழுகும். மாற்றுங்கள், வேறு வழியில்லை.

இதற்கு நேர் எதிராக, குறைந்த அழுத்தத்தில் சரியாக இருந்து அழுத்தம் கூடினால் மட்டும் ஒழுகுகிறதா? அப்படியானால் ரப்பரைக் குறை சொல்லாதீர்கள். கழற்றிப் பாருங்கள், ஓ-ரிங்கின் ஒரு ஓரம் எலி கடித்த மாதிரி இருக்கும். உலோகங்களுக்கு நடுவே இடைவெளி அதிகமாகி ரப்பர் அதில் பிதுங்கி வெட்டுப்பட்டிருக்கிறது. போல்ட் நீண்டிருக்கலாம், முகம் தேய்ந்திருக்கலாம். அங்கே ரப்பர் பிதுங்காமல் தடுக்கும் டெஃப்லான் பேக்கப் ரிங், இன்னும் கெட்டியான ரப்பர், அல்லது இடைவெளியைக் குறைப்பது. அதே ஓ-ரிங்கை மாற்றி மாற்றிப் போட்டால் கடைக்காரருக்குத்தான் லாபம்.

"கழட்டிப் பார்த்தா சப்பையா இருக்கு"

இங்கேதான் ஃபிட்டர்கள் கழற்றியதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுசு மாட்டிவிடுகிறார்கள். போடாதீர்கள். அந்தப் பழைய ரப்பர்தான் சாட்சி.

கழற்றியதும் அரை மணி நேரம் சும்மா வையுங்கள். ஆய்வகத்திலும் அப்படித்தான் செய்வார்கள். பிறகு வெர்னியரால், ரப்பரை நசுக்காமல், தொட்டும் தொடாமலும் அமுங்கிய திசையில் பருமனை அளங்கள். மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுங்கள்.

எங்கள் பிரஸ்ஸில் இருந்தது 214-ஆம் நம்பர் ஓ-ரிங். புதுசில் பருமன் 3.53 மி.மீ. க்ரூவின் ஆழம் 2.82. ஆக அமுங்கியது 0.71, அதாவது 20 சதவீதம். கழற்றியதை அளந்தால் 3.05 இருந்தது என்று வையுங்கள். 0.71 அமுங்கியதில் 0.23தான் எழும்பியிருக்கிறது, 0.48 எழும்பவில்லை. 0.48-ஐ 0.71-ஆல் வகுத்தால் 68 சதவீதம். இதுதான் கம்ப்ரஷன் செட். பூஜ்யம் என்றால் புது ரப்பர். 100 என்றால் க்ரூவின் வடிவத்தையே எடுத்துக்கொண்ட பிணம்.

என் அனுபவத்தில் 40 வரை கவலையில்லை. 60 தாண்டினால் அதே மாதிரி ஓடும் மற்ற ஓ-ரிங்குகளை அடுத்த ஷட்டவுனில் மாற்றும் பட்டியலில் சேர்ப்பேன். 80 தாண்டினால் அடுத்த ஷட்டவுன் வரை காத்திருக்க மாட்டேன். ஆனால் இது என் பட்டறைக் கணக்கு, விதி இல்லை. 85 சதவீதம் செட் ஆன ஓ-ரிங்கும், யாரும் தொடாமல், சூடு ஏறி இறங்காமல் இருந்தால் வருடக்கணக்கில் அடைத்துக்கொண்டிருக்கும். செட் என்பது கழற்றிய பிறகு எவ்வளவு எழும்பியது என்பதைச் சொல்கிறது. மாட்டியிருந்தபோது எவ்வளவு விசை மிச்சமிருந்தது என்பதைச் சொல்வதில்லை. இரண்டும் உறவுக்காரர்கள், ஒரே ஆள் இல்லை. விசையையே அளக்க வேண்டுமானால் ஐ.எஸ்.ஓ. 3384 என்ற சர்வதேசத் தரமுறைப்படி ஆய்வகத்தில்தான் அளக்க வேண்டும். அதனால் ஒரு நடைமுறை விதி: கழற்றிய சீலை, எவ்வளவு நன்றாகத் தெரிந்தாலும், திரும்ப மாட்டாதே. பழைய இடத்தில் அது அச்சாகப் பொருந்தியிருந்தது. திரும்ப அதே அச்சில் உட்காராது.

இப்போது மேலே சொன்ன சோதனை. சப்பையான ரப்பரை 70, 80 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் போடுங்கள். எடுத்து ஆறவிட்டு மறுபடி அளங்கள். நன்றாக உருண்டு எழுந்துவிட்டதா? அது இழைகள் நகர்ந்து உட்கார்ந்த முதல் வகைத் தளர்வு, அல்லது குளிர் விறைப்பு. கலவை சரிதான், அமுக்கமோ தடிமனோ குளிருக்கான தேர்வோதான் தப்பு. வெந்நீரிலும் அசையாமல் அதே சப்பையாகக் கிடக்கிறதா? இழைகள் அறுந்து புதுப் பிணைப்பு விழுந்துவிட்டது. அது சூட்டின் வேலை. ஒன்று சூட்டைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் சூடு தாங்கும் ரப்பருக்கு மாற வேண்டும். நைட்ரைல் 100 டிகிரி வரை. அதற்கு மேல் தொடர்ந்து ஓடினால் நைட்ரைலை விட்டுவிடுங்கள். வைட்டான் 200 டிகிரி வரை தாங்கும். வெந்நீர், நீராவி என்றால் பெராக்சைடில் பதப்படுத்திய ஈ.பி.டி.எம். என்ற ரப்பர். அதே நைட்ரைலிலேயே கந்தகத்தில் பதப்படுத்தியதைவிடப் பெராக்சைடில் பதப்படுத்தியது செட் குறைவாக எடுக்கும். ஆர்டர் போடும்போது கேட்டு வாங்கலாம். கேட்காவிட்டால் மலிவானதுதான் வரும்.

கெட்டி, பிசுபிசு, உப்பல்

வளைத்துப் பார்த்தால் வெளிப்பக்கம் மயிர்க்கோடாக வெடிக்கிறது, நகம் பதியவில்லை: சூட்டில் ஆக்சிஜன் தின்றது. 70 ஷோர் ஏ (ரப்பரின் கெட்டித்தன்மை அளவு) ஆக வாங்கியது 85, 90 காட்டும். வெயிலில் இருந்த நைட்ரைலில் நீட்டிய திசைக்குக் குறுக்கே வெடிப்பு இருந்தால் அது ஓசோன். மோட்டார் பக்கத்திலும் வரும். பிசுபிசுப்பு என்றால் பெரும்பாலும் இயற்கை ரப்பர் சூட்டில் உருகியது, அல்லது எண்ணெய் பட்டது.

உப்பியிருந்தால் தப்பான திரவம். ஈ.பி.டி.எம்.மை மினரல் எண்ணெயில் போட்டால் ஊறப்போட்ட கொண்டைக்கடலை மாதிரி ஆகும். கறுப்பாக இருப்பதால் நைட்ரைலும் அதுவும் ஒன்று போலத் தெரியும், அதுதான் பிரச்சினை. சந்தேகம் என்றால் ஒரு துண்டை வெட்டி அளந்து, அந்த எண்ணெயிலேயே இரண்டு நாள் போட்டு அளந்து பாருங்கள்.

கொஞ்சமாக உப்புவதில் ஒரு நன்மையும் ஒரு சூழ்ச்சியும் உண்டு. எண்ணெய் ஊறிய ரப்பர் உப்பி, இழந்த விசையை ஈடுகட்டிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் நைட்ரைல்-கார்க் கேஸ்கட்டுகள் எண்ணெயோடு பல வருடம் ஓடுவதில் இதற்கும் பங்கு உண்டு. ஆனால் நீண்ட நாள் எண்ணெயை வடித்துக் காயவிட்டால் சுருங்கிப்போகும்; ரப்பரில் கலந்திருந்த மென்மையாக்கியையும் எண்ணெய் கரைத்துக்கொண்டு போயிருக்கும். "ஓவர்ஹாலுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்தது, எண்ணெய் திரும்ப ஊத்தினதும் ஒழுகுது" என்றால் இதை நினையுங்கள்.

பால் பண்ணை பி.எச்.ஈ.: சுத்தம் செய்த பிறகு கீழே ஈரம்

பி.எச்.ஈ. என்றால் பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர்: நடுவே ரப்பர் வைத்து உலோகத் தகடுகளை அடுக்கிய சூடுமாற்றி. அதில் நூற்றுக்கணக்கான மீட்டர் ரப்பர் ஒரே நேரத்தில் அமுங்கிக் கிடக்கிறது. தினமும் 80, 85 டிகிரிக்குப் போய் வருகிறது. கசிவு முதலில் வருவது ஓடும்போது இல்லை. சுத்தம் செய்து முடித்து, பிளேட்டுகள் ஆறும்போது. இங்கே ஒரு வசதி உண்டு: நேம்பிளேட்டில் பிளேட் அடுக்கின் அதிகபட்ச, குறைந்தபட்ச நீளம் போட்டிருப்பார்கள். கேஸ்கட் புதுசில் அதிகபட்சத்தில் ஆரம்பித்து, வயதாக ஆகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தபட்சம் வரை இறுக்கலாம். தளர்வுக்கு முன்கூட்டியே ஒதுக்கி வைத்த இடம் அது. குறைந்தபட்சத்தைத் தொட்ட பிறகும் சொட்டினால் கேஸ்கட்டுகள் முழுவதையும் மாற்ற வேண்டும். அதற்குக் கீழே ஒரு மில்லிமீட்டர் இறுக்கினாலும் பிளேட் நெளியும்; கேஸ்கட் செலவோடு போகவேண்டியது பிளேட் செலவில் முடியும். ஒவ்வொரு முறை இறுக்கும்போதும் நாலு மூலையிலும் நீளத்தை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள்.

கசிவே இல்லை, மெஷின்தான் சாய்ந்திருக்கிறது

ஜெனரேட்டர், கம்ப்ரசர் அடியில் போடும் ரப்பர் மவுண்ட். இங்கே தடிமன் நிலையாக இல்லை, பாரம்தான் நிலை. அதனால் விசை குறைவதற்குப் பதில் ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக உட்காரும். கணக்கு அதே கணக்கு: பத்து மடங்கு நேரத்துக்கு ஒரே அளவு. ஆகவே கப்ளிங் அலைன்மென்டை (சேரும் இரண்டு தண்டுகளும் நேராக இருக்கின்றனவா என்பதை) மெஷினை இறக்கிய அன்றே பார்க்காதீர்கள். இரண்டு நாள் பாரத்தில் விட்டு, பிறகு ஷிம் (மெல்லிய தகடு) வைத்து அலைன்மென்ட் செய்யுங்கள். ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்திருந்தால் அந்தப் பக்கம் சைலன்சர் சூடோ எண்ணெய்ச் சொட்டோ பட்டிருக்கும். மாற்றினால் நாலையும் சேர்த்து மாற்றுங்கள்.

ரப்பர் என்றாலே சாகத்தான் செய்யும் என்று நினைத்துவிட வேண்டாம். 1889-இல் மெல்போர்ன் ரயில் பாலம் ஒன்றின் தூண்கள்மேல் வைத்த இயற்கை ரப்பர்த் தகடுகளைச் சுமார் நூறு வருடம் கழித்துப் பார்த்தபோது, மேல்தோல் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் கெட்டிருந்தது. உள்ளே ரப்பர் ரப்பராகவே இருந்தது. ஆக்சிஜன் உள்ளே ஊடுருவிப் போகவேண்டும், கெட்டுப்போன தோலே அதைத் தடுத்துவிடுகிறது. இதிலிருந்து ஓ-ரிங்குக்கும் ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். க்ரூவைப் பெரிதாக வெட்ட இடம் இருந்தால் 1.78 மி.மீ. ரிங்குக்குப் பதில் 3.53 மி.மீ. போடுங்கள். மெலிந்தது முழுக்கத் தோல்தான்; அதற்கு உள்ளே என்று ஒன்றும் இல்லை.

வாங்கும்போது

சப்ளையர் தரும் தாளில் "கம்ப்ரஷன் செட் 15 சதவீதம்" என்று மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடாதீர்கள். பக்கத்தில் எத்தனை மணி நேரம், எத்தனை டிகிரி என்று பாருங்கள். 25 சதவீதம் அமுக்கி, பெரும்பாலும் 22 அல்லது 70 மணி நேரம் வைத்து எடுத்த எண் அது. உங்கள் மெஷின் வருடத்துக்கு 8,760 மணி நேரம். 70 டிகிரியில் 22 மணி நேரம் வைத்து எடுத்த 15, 100 டிகிரியில் 70 மணி நேரம் வைத்து எடுத்த 30-ஐவிட மோசமான ரப்பராக இருக்கலாம். ஒரே நிபந்தனையில் எடுத்ததை மட்டும் ஒப்பிடுங்கள்.

பாக்கெட்டில் வார்த்த காலாண்டும் வருடமும் இருக்கும். ஐ.எஸ்.ஓ. 2230 கணக்குப்படி, இருட்டில், குளிர்ச்சியாக, மூடிய பையில் வைத்தால் இயற்கை ரப்பர் 5 வருடம், நைட்ரைல் 7, வைட்டானும் ஈ.பி.டி.எம்.மும் சிலிக்கானும் 10. ஸ்டோரில் ஆணி அடித்து ஓ-ரிங்கைத் தோரணம் மாதிரி மாட்டி வைத்திருக்கிறீர்களே, அங்கேயே தளர்வு ஆரம்பித்துவிட்டது. ஆணி பட்ட இடம் மெலிந்து வளைந்திருக்கும். வரும் லீக் அந்த இடத்தில்தான் வரும்.

அந்தத் தண்ணீர் லைனுக்குத் திரும்புவோம். 5 மி.மீ. ஷீட்டை எடுத்துவிட்டு, துணி வைத்த 2 மி.மீ. வெட்டிப் போட்டோம். கிரீஸ் இல்லை. ஒவ்வொரு போல்ட்டுக்கும் இரண்டு டிஸ்க் வாஷர். முறுக்கி, கோடு போட்டு, வால்வை மூடியே வைத்தோம். இன்று காலை தம்பி போய் அதே டார்க்குக்கு முறுக்கினான். நாலு கோட்டில் மூன்று கொஞ்சம் உடைந்து விலகின. அவ்வளவுதான் ரப்பர் ராத்திரியில் இழந்தது. பழைய கோட்டைத் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டுப் புதுக்கோடு இழுத்து, பக்கத்தில் தேதியும் எழுதிவிட்டு வால்வைத் திறந்தான்.